தண்ணீர்க் காவல்காரியின் கவசம்

ஜூன் 3, திங்கள்

மங்களம் பஸ் பட்டறைக்கு வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு சீட்டுக்கும் ரெக்சின் மாற்ற வேண்டும். பஸ் முதலாளி மாரப்பன் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏப்பா குழந்தைவேலு, மத்த சீட்டெல்லாம் பஞ்சு மாதிரி இருக்குது. இருவத்தேழு, இருவத்தெட்டுல உக்கார்றவங்க மட்டும் முதுகுல குத்துது குத்துதுன்னு ரெண்டு வருசமா கண்டக்டர் உசிர வாங்கறாங்க. உள்ள கல்லையா வெச்சுத் தைச்சே?"

"பிரிச்சுப் பாக்கறனுங்க" என்றேன். பிரிக்காமலே எனக்குத் தெரியும்.

கரூரில் முப்பத்தோரு வருஷமாக பஸ்ஸுக்குக் குஷன் அடிக்கிறேன். என் சீட் குத்துகிறது என்று ஒருத்தன் சொன்னதில்லை. அளவு குறித்து வைக்க ரெக்சின் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. இதில் சொந்தக் கதை எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இன்றைக்கு என்னவோ கை ஓடுகிறது.

பொழுதோடு வீட்டுக்கு வந்தபோது சம்பூர்ணம் பின்வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும், "சரி கண்ணு, அப்புறமாப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். மகள்தான். வாணி. பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். என்னோடு அவள் பேசி இரண்டு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. நானும் இப்போது கூப்பிடுவதில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா.

ஜூன் 4, செவ்வாய்

இருபத்தேழைப் பிரித்தேன். தையல்காரர் இஸ்மாயில் பக்கத்தில் இருந்தார். அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன்.

முதுகுப் பக்கம் பிளேடு வைத்ததும் சாம்பல் நிறத் துண்டுகள் கொட்டின. வெள்ளிப் பெயின்ட் அடித்த கெட்டி ஃபோம். செருப்புக்கு அடியில் போடுகிற ஷீட் அது. உட்காருகிற இடத்துக்கு ஆகவே ஆகாது. எங்கள் தொழிலில் மிச்சம் மீதியைத் துண்டு போட்டு முதுகுக்குப் பின்னால் அடைப்பது வழக்கம்தான், ஆனால் மெத்து ஃபோமைத்தான் அடைப்பார்கள். இதை அடைக்க நேற்று வேலைக்கு வந்தவன்கூட யோசிப்பான். நான் அடைத்திருக்கிறேன்.

வாணி எட்டு மாதம் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து செய்த கவசம் அது. ராக்கெட் கதைகளில் வருகிற மாதிரி, தலை முதல் கால் வரை. வீணாகப் போக வேண்டாமே என்று சீட்டில் வைத்தேன். வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

இரண்டு சீட்டிலும் இருந்ததை ஒரு சாக்கில் கட்டி வண்டியில் வைத்து எடுத்துவந்தேன். ஒரு துண்டில் மட்டும் துருப் பிடித்த மாதிரி கறை. ரெக்சின் சாயம் இறங்கியிருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

மாடி அறையில் துண்டுகளைப் பரப்பினேன். நூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவில் அவள் கையெழுத்து. 'இடது தோள் 2.' 'முழங்கை, வெளிப்பக்கம்.' 'வயிறு, நடு, தலைகீழா ஒட்டாதே வாணி.' தனக்குத் தானே திட்டு வேறு.

சம்பூர்ணம் துணி எடுக்க மேலே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

"பஸ்ஸுல இருந்து."

"ரெண்டு வருசமா அதை பஸ்ஸுலயா போட்டு வெச்சிருந்தீங்க? சனங்க மேல உக்கார?"

நான் துண்டுகளை வரிசையாக அடுக்கினேன். அவள் உட்கார்ந்து 'முழங்கை'யைக் கையில் எடுத்துத் துடைத்தாள். பிறகு துணியை எடுக்காமலே கீழே போய்விட்டாள். மழை வந்து எல்லாம் நனைந்தது.

ஜூன் 10, திங்கள்

சீட் 14 முதல் 30 வரை முடிந்தது. இஸ்மாயில் லீவு. இடுப்பு வலி.

ஜூன் 16, ஞாயிறு

வாணி யூடியூபில் வீடியோ போடுகிறாள் என்று சம்பூர்ணம் எப்போதோ சொன்னது. இன்றைக்குத் தேடிப் பார்த்தேன். கவசம் செய்வது எப்படி என்று நாற்பத்தாறு வீடியோ. அதில் ஒன்றில் இந்தக் கவசத்தைப் பற்றிச் சொல்கிறாள். சினிமாவில் பார்த்ததில்லையாம், அவளே யோசித்ததாம். சனிக் கிரகத்தைச் சுற்றும் ஒரு நிலாவில் தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றனவாம். அவற்றைக் காவல் காக்கிற பொம்பளை போட்டுக்கொள்வதாம் இது. "எங்க ஊர்ல வாரம் ஒருக்கா தண்ணி வரும். அப்ப தோணினது" என்கிறாள். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்த பிள்ளைக்கு என்னென்ன ஓடியிருக்கிறது பார்.

"அந்தக் கவசம் இப்ப இல்ல மக்களே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். ஏன் இல்லை என்று சொல்லவில்லை.

முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். மெலிந்திருக்கிறாள். எல்லா வீடியோவிலும் முழுக்கைச் சட்டை. வெயில் காலத்தில் எதற்கு முழுக்கை.

பதினோரு வீடியோ பார்த்தேன். சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரி. ஷீட்டை வளைக்கச் சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாதாம், தாளிக்கும்போது கரண்டி ஓடுகிற மாதிரி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

ஜூன் 30, ஞாயிறு

பழைய துண்டை வைத்து அளவெடுத்து, இடது தோள் கவசம் ஒன்று செய்து முடித்தேன். ஷீட் இஸ்மாயில் ஆம்பூர்க்காரர் ஒருவரிடம் சொல்லி வரவழைத்தார். எதற்கு என்று கேட்டார். "கோயில் நாடகத்துக்கு" என்றேன். "எந்தக் கோயிலுங்க பாய் அது, நான்கூட வர்றேன்" என்று சிரித்தார். முப்பது வருஷமாக நான் அவரை பாய் என்பதும் அவர் என்னை பாய் என்பதும் பட்டறைக்கே சிரிப்பு.

ஒட்டு மட்டும் போதாது என்று உள்பக்கம் சீட்டுக்குப் போடுகிற இரட்டைத் தையல் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். யானை இழுத்தாலும் வராது.

பெட்டியில் வைத்து சம்பூர்ணத்தை முகவரி எழுதச் சொன்னேன். அனுப்புநர் இடத்தில் அவள் பேரையே போடச் சொன்னேன்.

"உங்க பேரைப் போடறதுக்கு என்ன?"

"பிரிக்க மாட்டா."

"அது தெரியுதல்ல" என்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

பெட்டி திரும்பி வந்துவிட்டது. பிரித்து, பார்த்து, மறுபடி டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். கடிதம் இல்லை. சம்பூர்ணத்துக்கு மட்டும் செய்தி: 'இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிருங்கம்மா.'

பெட்டியை எட்டி உதைத்தேன். பிறகு நானே போய் எடுத்துவந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

பெங்களூரில் அடுத்த மாதம் வேஷக்காரர்கள் கூடுகிற விழாவாம். சம்பூர்ணம் சாப்பாடு போட்டுக்கொண்டே பொதுவாகச் சொன்னாள், என்னைப் பார்க்காமல். ஆயிரக்கணக்கில் வருவார்களாம். வாணி அங்கே ரிப்பேர் மேஜை போடுகிறாளாம். யாருடைய வேஷமாவது பிய்ந்தால், உடைந்தால் அவளிடம் போனால் உடனே ஒட்டிக்கொடுப்பாளாம்.

"யாரு போனாலுமா?"

"வேசம் போட்டவங்க யாரு போனாலும்."

ரசம் ஊற்றினாள்.

"ஐம்பத்தேழு வயசுங்க உங்களுக்கு" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"மூஞ்சி சொல்லுதே."

வாணி என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். திட்டினாலும் சரி. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. பெற்ற பிள்ளையிடம் பேச ஒருத்தன் வேஷம் கட்ட வேண்டியிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு விரலில் கொப்புளம். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தினேன்.

ஜூலை 28, ஞாயிறு

அவளுடைய நெஞ்சுக் கவசம் என் தொந்திக்கு எங்கே வரும். என் உடம்புக்குத் தனி அளவு எடுக்க வேண்டும். அதற்கு அவள் வீடியோவில் ஒரு வழி சொல்கிறாள். உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப்பை இறுக்கமாக ஒட்டி, பேனாவில் கோடு போட்டு, கோட்டோடு வெட்டி எடுக்க வேண்டும். வெட்டி எடுத்ததைத் தரையில் விரித்தால் நம் உடம்பின் அச்சு அப்படியே கிடைக்கும். வேறொரு ஆள்தான் வெட்ட வேண்டும்.

சம்பூர்ணம் சுற்றிவிட்டாள். டேப்பை ஒட்டி முடித்தபோது வேர்த்துக் கொட்டியது, மூச்சு முட்டியது. கையை உடம்போடு சேர்த்து ஒட்டிவிட்டாள், தூக்க முடியவில்லை. அவள் கத்தரிக்கோலை எடுத்து இடது தோளில் இருந்து வெட்ட ஆரம்பித்தாள். இரும்பு தோலில் சில்லென்று பட்டது.

கத்திவிட்டேன். "பாத்து! பாத்துடி! மேல படுது!"

சம்பூர்ணம் கையை எடுத்தாள். என்னையே பார்த்தாள்.

"அன்னைக்கு அவளும் இப்படித்தான் நின்னா" என்றாள். "அவ கத்தக்கூட இல்ல."

அப்புறம் மெதுவாக வெட்டினாள். தோல் பக்கம் தன் விரலைக் கொடுத்துக்கொண்டே வெட்டினாள். அச்சு நன்றாக வந்திருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கவில்லை. அவள் போட்டுக்கொண்டிருந்தாள்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. காங்கேயத்தில் இருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் அவளிடம் சொன்னேன். "நாளைக்குக் கோயம்புத்தூர்ல எனக்குப் போட்டி இருக்குதுப்பா, எட்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கேன்" என்றாள். சொன்னாள்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போக வேண்டாம் என்றேன், பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மாடியில் இருந்து இறங்கி வந்தாள். முழுக் கவசத்தோடு. ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். எல்லாரையும் பார்த்து வணக்கம் சொன்னாள். "நான் போட்டிக்குப் போறனுங்க, மன்னிச்சுக்குங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். பையனின் அம்மா சிரித்தாள். "பொண்ணைக் காட்டறோம்னு சொல்லிட்டு, கூத்துக் காட்டறீங்களே" என்றாள்.

அந்தச் சிரிப்புத்தான். வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை எனக்கு.

கழட்டு என்றேன். கழட்ட அரைமணி நேரம் ஆகும், பின்னால் ஒட்டியிருக்கிறது என்றாள். ஃபோம் அறுக்கிற நீளக் கத்தி அலமாரி மேல் இருந்தது. வார்களை அறுத்தால் கழன்றுவிடும் என்று நினைத்தேன். இடது தோள் வாருக்கு அடியில் கொடுத்து இழுத்தேன். முப்பது வருஷம் ஃபோம் அறுத்த கை, எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்று தெரியும் எனக்கு. நிற்கவில்லை.

ஒன்பது தையல். எலும்பில் படவில்லை என்றார் டாக்டர். சம்பூர்ணம்தான் கூட்டிப்போனாள். நான் போகவில்லை. கவசத்தை வாரிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. ஒட்டின இடமெல்லாம் அறுத்துத் துண்டு துண்டாக்கி மங்களம் பஸ் சீட்டில் அடைத்துத் தைத்தேன். ரத்தம் பட்ட துண்டையும் சேர்த்துத்தான் தைத்தேன். அது ரெக்சின் சாயம் இல்லை.

கத்தி இறங்கினபோது அவள் தோளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. அமராவதி ஆற்றில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். சம்பூர்ணம் மட்டும் போய்விட்டு வந்தாள். நான் நெஞ்சுக் கவசத்துக்கு இரண்டாம் பூச்சு பெயின்ட். வெயிலில் ஒருமணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கால், முழங்கால், தொடை முடிந்தன. நடந்தால் தேய்கிறது, சத்தம் வருகிறது. யாரும் முதுகில் ஒட்டிவிடத் தேவையில்லாமல் எல்லா வாரையும் முன்பக்கம் கொண்டுவந்து டிரைவர் சீட் பெல்ட் கொக்கி போட்டுவிட்டேன். நானே மாட்டி நானே கழட்டலாம்.

முந்தாநாள் இஸ்மாயிலிடம் உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, பாதி. மறுநாள் கையுறைக்கென்று மெல்லிய கறுப்புத் தோல் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஹெல்மெட். மூன்று தடவை செய்து மூன்றும் சட்டி மாதிரி இருந்தது. நாலாவது சரியாக வந்தது. கண்ணுக்குக் கறுப்பு பிளாஸ்டிக், வெளியே இருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. வாய்ப் பக்கம் மூச்சுக்கு நாலு ஓட்டை.

போட்டுக்கொண்டு கீழே வந்தேன். சம்பூர்ணம் முறத்தைக் கீழே போட்டாள்.

"எப்படி இருக்குது?"

"உங்க மாதிரி இல்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லாருக்குதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

காலை ஏழு மணி பஸ்ஸில் கிளம்பி மூன்று மணிக்குப் பெங்களூர். கவசம் இரண்டு கோணிப்பையில். கண்டக்டர் என்ன சாமான் என்றார். "குஷன்" என்றேன்.

சொல்ல வேண்டியதை லாட்ஜ் அறையில் சொல்லிப் பார்த்தேன். 'வாணி, அப்பா பண்ணினது தப்பு.' நாலு வார்த்தை. நாலாவது வர மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மெதுவாக எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

விழா நடக்கிற மண்டபம் கரூர் பஸ் ஸ்டாண்டைப் போல மூன்று மடங்கு இருக்கும். கொம்பு வைத்தவர்கள், இறக்கை வைத்தவர்கள், நீல முகக்காரர்கள். வேஷம் மாற்றும் அறையில் முக்கால் மணி நேரம் ஆனது எனக்கு. வெளியே வந்ததும் நாலைந்து பேர் என்னோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் கிழவன் என்று கண்டுபிடிக்கவில்லை.

ரிப்பேர் மேஜையைப் பதினொன்றரைக்குக் கண்டுபிடித்தேன். வரிசையில் ஏழெட்டுப் பேர். தூரத்தில் இருந்து பார்த்தேன். முழுக்கைச் சட்டை, இடுப்பில் ஊசியும் பசையும் செருகின துணி. பல்லில் நூலைக் கடிக்கிறாள், சம்பூர்ணம் கடிக்கிற மாதிரியே.

என்னுடைய கவசத்தில் எதுவும் உடையவில்லை. உடையாமல் எப்படிப் போவது. ஒரு தூணுக்குப் பின்னால் போய் இடது தோள் வாரின் தையலைப் பிளேடால் பிரித்தேன். என் தையலை நானே பிரித்தது இதுதான் முதல் தடவை. இரட்டைத் தையல், நேரம் பிடித்தது.

வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் போனதும் வாணி நிமிர்ந்தாள்.

கை நின்றுவிட்டது.

காலில் இருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சில் இருக்கிற தண்ணீர்த் துளி அடையாளம். அவளே யோசித்தது, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது. இது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று தெரியவில்லை. மறைந்து போய் நிற்பதாக நினைத்து, பேர் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கால் மாற்றி நின்றேன், கவசத்தில் சத்தம் கேட்டது.

"உக்காருங்க" என்றாள். தமிழில்.

உட்கார்ந்தேன். பின்னால் வந்து தோளைப் பார்த்தாள். வாரை இழுத்துப் பார்த்தாள்.

"அறுந்து போகல. பிரிச்சிருக்கு" என்றாள்.

தொங்குகிற நூலை வெட்டக் கட்டரை எடுத்தாள். என் உடம்பு தானாக ஒடுங்கியது. அவள் இடது உள்ளங்கையைக் கவசத்துக்கும் என் தோளுக்கும் நடுவில் நுழைத்தாள். சட்டைக்கு மேலே அந்தக் கையின் சூடு தெரிந்தது.

"பயப்படாதீங்க. கத்தி பட்டா என் கையிலதான் படும். எல்லாருக்கும் இப்படித்தான் பண்றது."

நான் சொன்னேன். "வாணி, அப்பா பண்ணினது தப்பு சாமி." ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே வேறு யாரோ போல இருந்தது. கேட்டதோ இல்லையோ என்று மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க வேண்டும். கழட்டுவதற்குக் கையை ஹெல்மெட்டுக்குக் கொண்டுபோனேன்.

"கழட்டாதீங்க."

கையை எடுத்தேன்.

"கேட்டுச்சு. மொதத் தடவையே கேட்டுச்சு. கழட்ட மட்டும் வேண்டாம்." குரல் உயரவில்லை. ஊசியில் நூல் கோக்கிற சத்தம் கேட்டது. "உங்க மொகம் பாத்தா அன்னைக்கு இருந்த மொகம்தான் தெரியும் எனக்கு. போட்டோல பாத்தாக்கூட அதுதான் தெரியுது. அம்மாவுக்கு வீடியோ கால் பண்ணினா நீங்க பின்னால தெரிஞ்சுருவீங்கன்னே நான் பண்றதில்ல. இதுல இருந்தீங்கன்னா பேசிக்கலாம்."

தைத்தாள். நான் அசையாமல் இருந்தேன். பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள்.

"அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குது? கேட்டா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்றாங்க."

"மாடி ஏறினா வலிக்குதுங்கறா. எண்ணெய் தேச்சுக்கறா."

"எண்ணெய் தேச்சா சரியாகாது. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"சரி சாமி."

"உள்பக்கம் தையல் நல்லா இருக்குது. இங்க யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க. தோளுக்கு மட்டும் இவ்வளவு மெத்தை குடுத்திருக்க வேண்டாம், வேர்க்கும்." நூலைக் கடித்து அறுத்தாள். "பழைய துண்டை வெச்சுத்தான் அளவெடுத்தீங்களா? அதெல்லாம் இன்னும் இருக்குதா?"

"எல்லாம் பத்திரமா இருக்குது."

கொஞ்ச நேரம் கை என் தோள் மேலேயே இருந்தது. கவசத்தின் மேல்தான். பிறகு எடுத்துக்கொண்டாள்.

"ஆச்சுங்க. சாப்புட்டுட்டுப் போங்க, அந்தப் பக்கம் சாம்பார் சாதம் கிடைக்கும்" என்றாள். அடுத்த ஆளை இங்கிலீஷில் கூப்பிட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சாம்பார் சாதம் எப்படிச் சாப்பிடுவது. மண்டபத்தை விட்டு வெளியே வந்தும் கழட்ட மனசு வரவில்லை. எங்கிருந்தாவது பார்த்துவிடுவாள் என்று பயம். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வீடு. சம்பூர்ணம் வாசலிலேயே கேட்டாள்.

"பேசினாளா?"

"பேசினா."

"மொகத்தைப் பாத்தாளா?"

இல்லை என்றேன். வாணி சொன்னதை எல்லாம் சொன்னேன். சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் தோசை ஊற்றினாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சம்பூர்ணத்தை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேய்மானம். மாடி ஏறக் கூடாதாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

போன் வந்தது. சம்பூர்ணம் பின்வாசலுக்குப் போகாமல் கூடத்திலேயே பேசினாள். வாணி என்னைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை பத்து மணி. போன் அடித்தது. சம்பூர்ணம் பேசிக்கொண்டே இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனைக் கையால் பொத்தினாள்.

"ஏனுங்க. வீடியோல வர்றாளாம்." மாடிப்படியைக் காட்டினாள். "அதைப் போட்டுட்டு வருவாங்களான்னு கேக்கறா."

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். கவசம் முழுவதும் மாட்ட நேரம் இல்லை. ஹெல்மெட்டை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டு, வேட்டி பனியனோடு வந்து உட்கார்ந்தேன். சம்பூர்ணம் போனை என் முன்னால் பிடித்தாள்.

வாணி தெரிந்தாள். பின்னால் ஜன்னல், துணி காய்கிற கொடி. தலைக்குக் குளித்திருக்கிறாள். பனியனுக்கு மேலே ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது போல, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சாப்டீங்களாப்பா?"

அப்பா என்றாள். மண்டபத்தில் ஒரு தடவையும் சொல்லவில்லை, இன்றைக்குத்தான்.

"ஆச்சு சாமி. இட்லி."

பதினான்கு நிமிஷம் பேசினாள். அம்மாவின் முட்டி, மருந்து, அவளுடைய ஆபீஸ், வீட்டுக்காரம்மா, பெங்களூரில் தண்ணீர் வராதது. ஏதோ ஒரு நேரத்தில் அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறாள் என்று கவனித்தேன். சட்டைக் கைக்குக் கீழே அந்தத் தழும்பின் நுனி. அவள் மறைக்கவில்லை. நான் பார்த்தேன். பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது, கண்ணாடி கறுப்பு. தெரிந்தும் இருக்கலாம்.

"அடுத்த ஞாயிறு கூப்படறேன்" என்றாள். "நீங்க..." என்று இழுத்தாள்.

"போட்டுக்கறேன்" என்றேன்.

போனை வைத்ததும் சம்பூர்ணம், "கழட்டுங்க, மூச்சு முட்டப் போகுது" என்றாள். கழட்டினேன். கழுத்தெல்லாம் வேர்வை, கண்ணாடியில் ஆவி. அவள் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, துடைத்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மூச்சுக்கு நாலு ஓட்டை போதாது. இன்னும் நாலு போட வேண்டும். உள்ளே வேர்வை உறிஞ்சுகிற மாதிரி பருத்தித் துணி கொடுத்து, துவைக்கக் கழட்டி மாட்டுகிற மாதிரி தைக்க வேண்டும். ஒரு தடவை போடுவதற்கு என்று செய்தது இது. இனி பல வருஷத்துக்குத் தாங்குகிற மாதிரி மாற்ற வேண்டும்.